ஆற்றல் நாணயம் கண்ட சுப்பாராவ்

நுழையும்முன்

பசுந்தாவரங்கள் சூரிய ஒளியைக் கொண்டு தமக்கு வேண்டிய உணவை ஆக்கிக்கொள்கின்றன. இதனை ஒளிச்சேர்க்கை என்கிறோம். உயிர்கள் அவ்வுணவை உயிர்வளியின் துணையால் சிதைத்து ஆற்றல் பெறுகின்றன. இதனைச் செல் சுவாசம் என்கிறோம். இவ்விரு செயல்களிலும் ஒரே நுண்பொருள் ஆற்றலைச் சுமந்து செல்கிறது. அதன் பெயர் அடினோசின் டிரைபாஸ்பேட், சுருக்கமாக ஏ.டி.பி. அதனை முதன்முதலில் கண்டறிந்தோருள் ஒருவர், கோதாவரி வளநாட்டில் பிறந்து சென்னையில் கல்வி கற்ற அறிஞர். அவருடைய வாழ்வையும் பணியையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமைப் பருவம்

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12ஆம் நாள் பீமவரத்தில் பிறந்தார். இன்று ஆந்திர மாநிலத்தில் உள்ள அவ்வூர் அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. நாம் வாழும் ஐதராபாத்தோ அக்காலத்தில் நிசாம் மன்னரின் ஆட்சியில் இருந்தது. ஆகவே, கோதாவரிப் பகுதி இளைஞர் பலர் உயர்கல்விக்குச் சென்னையையே நாடினர்.

தந்தையார் ஜகந்நாதம் வருவாய்த்துறையில் பணியாற்றியவர். தாயார் பெயர் வெங்கம்மா. உடல்நலக் குறைவால் தந்தையார் உரிய காலத்திற்கு முன்னரே பணியிலிருந்து விலக நேர்ந்தது. பெரிய குடும்பம்; குறைந்த வருவாய். இளமையிலேயே வறுமையை அறிந்த சுப்பாராவுக்குப் படிப்பில் மனம் செல்லவில்லை. காசிக்குச் சென்று அங்கு வரும் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருள் சேர்க்கலாம் என எண்ணி ஒருமுறை வீட்டைவிட்டு வெளியேறினார். வழியிலேயே கண்டுபிடிக்கப்பட்டு வீட்டிற்குத் திரும்பினார்.

பள்ளி இறுதித் தேர்வில் இருமுறை தோல்வியுற்றார். எனினும் மகன் படித்தே ஆகவேண்டும் என்பதில் தாயார் உறுதியாக நின்றார். சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று, மூன்றாம் முறை எழுதிய தேர்வில் சுப்பாராவ் தேர்ச்சி பெற்றார். பின்னர்ச் சேப்பாக்கத்தில் உள்ள மாநிலக் கல்லூரியில் இடைநிலை வகுப்பை முடித்தார். அந்நாளில் இராமகிருஷ்ண மடத்தின் தொண்டு அவரைக் கவர்ந்தது. துறவு பூண விரும்பியவரை மருத்துவம் கற்று மக்களுக்குத் தொண்டாற்றுமாறு பெரியோர் நெறிப்படுத்தினர்.

சென்னையில் மருத்துவக் கல்வி

சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தபோது கட்டணம் செலுத்தவும் அவரிடம் போதிய பொருள் இல்லை. நண்பர்கள் உதவினர். கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி என்பவரும் துணைநின்றார். அவருடைய மகள் சேஷகிரியைச் சுப்பாராவ் 1919ஆம் ஆண்டு மணந்தார்.

அது விடுதலைப் போராட்டக் காலம். அந்நியத் துணியை விலக்குமாறு காந்தியடிகள் விடுத்த அழைப்பை ஏற்றுச் சுப்பாராவ் அறுவை அரங்கிலும் கதராடை அணிந்தார். அறுவை மருத்துவப் பேராசிரியராக இருந்த ஆங்கிலேயர் அதனை விரும்பவில்லை. எழுத்துத் தேர்வுகளில் நன்கு எழுதியிருந்தும் சுப்பாராவுக்கு முழுமையான மருத்துவப் பட்டம் கிட்டவில்லை, எல்.எம்.எஸ். என்னும் குறைந்த தகுதிச் சான்றே வழங்கப்பட்டது. அரசு மருத்துவப் பணிக்கு முயன்றார்; அதுவும் கைகூடவில்லை. சென்னையில் இருந்த ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூற்றியல் விரிவுரையாளராகச் சேர்ந்தார்.

இதற்கிடையில் குடும்பத்தில் பெருந்துயர் நேர்ந்தது. உணவின் சத்தைக் குடல் ஏற்க முடியாமல் செய்து, இரத்தச்சோகையை உண்டாக்கி உடலை உருக்கும் ஸ்புரூ என்னும் கொடிய நோய்க்கு அவருடைய உடன்பிறந்தார் இருவர் சில நாள் இடைவெளியில் பலியாயினர். மருத்துவம் கற்றிருந்தும் அவர்களைக் காக்க அவரால் இயலவில்லை. அந்நோய்க்கு அன்று உரிய மருந்து எவரிடமும் இல்லை. மருந்து இல்லாத நோய்களுக்கு மருந்து காண வேண்டும் என்னும் வேட்கை அவருள் வேரூன்றியது.

பாஸ்டன் நகரில்

காக்கிநாடாவைச் சேர்ந்த மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளை உதவ முன்வந்தது. மாமனாரும் பொருள் திரட்டித் தந்தார். கருவுற்றிருந்த மனைவியைத் தாயகத்தில் விட்டுவிட்டுச் சுப்பாராவ் கப்பலேறினார். 1922ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டல மருத்துவம் பயின்று பட்டயம் பெற்றார். இந்தியாவில் பெற்ற சான்று அங்கே மருத்துவராகப் பணியாற்றப் போதுமானதாக இல்லை. ஆகவே மருத்துவமனை ஒன்றில் இரவு நேரக் கடைநிலை ஊழியராக வேலை செய்து பிழைப்பு நடத்தினார். ஊரில் பிறந்த மகன் ஓராண்டும் நிறையாமல் இறந்தான். மகனின் முகத்தைத் தந்தை ஒருமுறையும் பார்க்கவில்லை.

நீலநிறம் காட்டிய வழி

ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்னும் பேராசிரியர் இருந்தார். அவருடைய ஆய்வகத்தில் சுப்பாராவ் சேர்ந்தார். இரத்தத்திலும் சிறுநீரிலும் எவ்வளவு பாஸ்பரஸ் உள்ளது என அளந்தறிய எளிய முறை ஒன்றினை இருவரும் உருவாக்கினர். ஆய்வுக் கரைசலில் சில வேதிப்பொருள்களைச் சேர்த்தால் அது நீலநிறம் கொள்ளும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பேட் அதில் உள்ளது எனக் கணக்கிடலாம். 1925ஆம் ஆண்டு வெளியான இம்முறை ஃபிஸ்க் – சுப்பாராவ் முறை எனப் பெயர் பெற்றது. ஒரு நூற்றாண்டு கடந்த பின்னரும் உயிர்வேதியியல் மாணவர்கள் இம்முறையைக் கற்கின்றனர்.

இதே முறையால் தசைச்சாற்றை ஆய்ந்தபோது வியப்பான செய்தி ஒன்று புலப்பட்டது. நீலநிறம் உடனே முழுமையாகத் தோன்றவில்லை. நேரம் செல்லச் செல்ல மெல்ல மெல்ல அடர்ந்தது. பிழை என்று கருதி அவர்கள் அதனை ஒதுக்கிவிடவில்லை. எளிதில் சிதையும் ஏதோ ஒரு பொருள் தசையில் இருத்தல் வேண்டும். அது சிறிது சிறிதாகப் பாஸ்பேட்டை விடுவிக்கிறது என உய்த்துணர்ந்தனர். அப்பொருளே பாஸ்போகிரியேட்டின். அதுபற்றிய செய்தி 1927ஆம் ஆண்டு வெளியாயிற்று. தசை இயங்குவதற்கு லாக்டிக் அமிலமே காரணம் என அறிஞர் பலர் அதுவரை கொண்டிருந்த கருத்து இதனால் ஆட்டம் கண்டது.

ஆய்வு மேலும் தொடர்ந்தது. 1929ஆம் ஆண்டு தசையிலிருந்து இன்னொரு பாஸ்பேட் சேர்மத்தையும் இருவரும் பிரித்தறிந்தனர். அதுவே ஏ.டி.பி. அதே ஆண்டில் ஜெர்மனி நாட்டு அறிஞர் கார்ல் லோமன் தனியே ஆய்ந்து அதனைக் கண்டார். ஆதலால் இக்கண்டுபிடிப்பின் பெருமை லோமன், ஃபிஸ்க், சுப்பாராவ் ஆகிய மூவருக்கும் உரியது. மறு ஆண்டில் சுப்பாராவ் முனைவர் பட்டம் பெற்றார்.

ஏ.டி.பி. என்பது யாது?

ஏ.டி.பி. மூலக்கூற்றில் அடினின் என்னும் பகுதியும் ரைபோஸ் என்னும் சர்க்கரையும் மூன்று பாஸ்பேட்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்துள்ளன. கடைசிப் பாஸ்பேட் பிரியும்போது செல் பயன்படுத்தத்தக்க ஆற்றல் கிடைக்கிறது. எஞ்சுவது ஏ.டி.பி. என்னும் நிலையிலிருந்து ஒரு பாஸ்பேட் குறைந்த பொருள். மீண்டும் ஆற்றல் செலுத்தி அதனுடன் பாஸ்பேட்டை இணைத்தால் ஏ.டி.பி. திரும்பவும் உருவாகிறது.

சந்தைக்குச் செல்லும் உழவர் நெல் மூட்டையைக் கொடுத்து நேரடியாகப் பேருந்துக் கட்டணம் செலுத்த முடியாது. நெல்லை விற்றுக் காசாக்கிய பின்னரே அவரால் எதையும் வாங்க இயலும். உணவில் உள்ள ஆற்றல் நெல்மூட்டை போன்றது, ஏ.டி.பி. காசு போன்றது. தசை சுருங்கவும் நரம்பு செய்தி கடத்தவும் செல் புதுப்பொருள்களைக் கட்டவும் இக்காசே செலவாகிறது. நம் உடலில் உள்ள ஏ.டி.பி.யின் அளவு மிகக் குறைவு. ஆயினும் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை செலவாகி மீண்டும் உருவாகிறது. அவ்வுருவாக்கம் சில நிமிடங்கள் நின்றாலும் உயிர் நிலைக்காது.

இலையும் உடலும்

ஒளிச்சேர்க்கையில் தாவரம் கரியமில வாயுவையும் நீரையும் கொண்டு சர்க்கரையை ஆக்கி, உயிர்வளியை வெளிவிடுகிறது. செல் சுவாசத்தில் சர்க்கரையும் உயிர்வளியும் பயன்பட்டுக் கரியமில வாயுவும் நீரும் வெளிப்படுகின்றன. ஒன்றின் விளைபொருளே மற்றொன்றின் மூலப்பொருள். நம் நகரின் ஜூபிலி ஹில்ஸ் பகுதியில் உள்ள காசு பிரம்மானந்த ரெட்டி தேசியப் பூங்காவைச் சுற்றிக் காலையில் பலர் நடக்கின்றனர். அவர்கள் வெளிவிடும் கரியமில வாயு காற்றில் கலந்து மர இலைகளுக்குப் பயன்படுகிறது. மரங்கள் வெளிவிடும் உயிர்வளி அவர்களுக்குப் பயன்படுகிறது.

இதனால், மரங்கள் ஒளிச்சேர்க்கை மட்டுமே செய்கின்றன, சுவாசிப்பது விலங்குகள்தாம் எனப் பலர் எண்ணிவிடுகின்றனர். அவ்வாறன்று. தாவரமும் பகலிலும் இரவிலும் இடைவிடாது சுவாசிக்கிறது. பகலொளியில் ஒளிச்சேர்க்கை மிகுதியாக நடைபெறுவதால் சுவாசம் வெளியே புலப்படுவதில்லை; இரவில் ஒளிச்சேர்க்கை நின்றுவிடுவதால் புலப்படுகிறது. இரவில் புளியமரத்தடியில் உறங்கலாகாது என்று நம் பாட்டிமார் சொல்வர். மரமும் சுவாசிக்கிறது என்பது உண்மையே. ஆயினும் திறந்த வெளியில் அது விடும் கரியமில வாயு காற்றில் பரவிவிடுமாதலின் அதற்காக அஞ்ச வேண்டியதில்லை.

இங்கே ஓர் ஐயம் எழலாம். ஒளிச்சேர்க்கையின்போது இலையிலுள்ள பசுங்கணிகம் சூரிய ஒளியைக் கொண்டு ஏ.டி.பி.யை உருவாக்குகிறது. அவ்வாறாயின் அதனை நேரடியாகப் பயன்படுத்தாமல் சர்க்கரையை ஆக்குவதும், அச்சர்க்கரையை மீண்டும் சிதைப்பதும் ஏன்? ஏ.டி.பி.யைச் சேமித்து வைக்கவோ இலையிலிருந்து வேருக்கு அனுப்பவோ தாவரத்தால் இயலாது. பசுங்கணிகத்தில் உருவாகும் ஏ.டி.பி. பெரும்பாலும் சர்க்கரையை ஆக்குவதிலேயே செலவாகிறது. சர்க்கரையோ தண்டின் வழியே வேர்வரை செல்லும். மாவுப்பொருளாகக் கிழங்கிலும் விதையிலும் தங்கும். மண்ணுக்குள் இருளில் இருக்கும் வேரின் செல், தன்னிடம் வந்த சர்க்கரையை மைட்டோகாண்டிரியாவில் சிதைத்துத் தனக்கு வேண்டிய ஏ.டி.பி.யைத் தானே ஆக்கிக்கொள்கிறது. அரிசிச்சோறு உண்ணும் நம் செல்களும் அதனையே செய்கின்றன.

ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு உயிர்வளியின் துணையால் முழுமையாகச் சிதையும்போது ஏறத்தாழ 30 ஏ.டி.பி. மூலக்கூறுகள் கிடைக்கின்றன. உயிர்வளி இல்லாமல் நொதித்தல் முறையில் சிதைந்தால் 2 மட்டுமே கிடைக்கும். நாம் மூச்சுவிடுவதன் பயன் இவ்வேறுபாட்டிலேயே விளங்கும்.

பசுங்கணிகமும் மைட்டோகாண்டிரியாவும் ஏ.டி.பி.யை ஆக்கும் முறை ஒன்றே என்பது மேலும் வியப்பைத் தரும். நாகார்ஜுன சாகர் அணையில் தேங்கிய நீர் பாய்ந்து விசையாழியைச் சுழற்ற, மின்சாரம் பிறக்கிறது. அதுபோல ஒரு மெல்லிய சவ்வின் ஒருபுறம் ஹைட்ரஜன் அயனிகள் மிகுதியாகத் தேங்குகின்றன. அவை மறுபுறம் பாயும்போது சவ்வில் பதிந்துள்ள ஒரு நொதி சுழன்று ஏ.டி.பி.யை ஆக்குகிறது. அயனிகளை அவ்வாறு தேக்கும் ஆற்றலைப் பசுங்கணிகம் ஒளியிலிருந்து பெறுகிறது; மைட்டோகாண்டிரியா உணவிலிருந்து பெறுகிறது. அப்பணியில் பசுங்கணிகம் நீரைப் பிளந்து உயிர்வளியை விடுவிக்கிறது; மைட்டோகாண்டிரியா உயிர்வளியைச் சேர்த்து மீண்டும் நீராக்குகிறது. பீட்டர் மிட்செல் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1961ஆம் ஆண்டு இக்கருத்தை வெளியிட்டு, 1978ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார்.

தசையில் கண்ட ஏ.டி.பி.யைப் பசுங்கணிகமும் ஒளியைக் கொண்டு உருவாக்குகிறது என்பதை 1954ஆம் ஆண்டு டேனியல் ஆர்னன் என்னும் அறிஞர் பசலைக்கீரையின் பசுங்கணிகத்தைக் கொண்டு நிறுவினார். சுப்பாராவ் அதற்கு ஆறாண்டுகள் முன்னரே மறைந்துவிட்டார். தாம் கண்ட பொருள் இலையையும் உடலையும் இணைப்பது என்பதை முழுமையாக அறியும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

மருந்துகள் தந்த கை

இத்தனை சாதனைகளுக்குப் பின்னும் ஹார்வர்டு பல்கலைக்கழகம் அவருக்கு நிலையான பேராசிரியர் பதவி வழங்கவில்லை. 1940ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் என்னும் ஊரில் இருந்த லெடர்லே ஆய்வகத்தில் சேர்ந்தார். பின்னர் அதன் ஆய்வுத்துறைத் தலைவரானார்.

உடன்பிறந்தாரைப் பறித்த நோயை அவர் மறக்கவில்லை. அவருடைய தலைமையில் இயங்கிய குழுவினர் 1945ஆம் ஆண்டு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கை முறையில் உருவாக்கினர். இலை என்னும் பொருள்தரும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் அமைந்தது. கீரைகளில் அது மிகுந்துள்ளது. ஸ்புரூ நோயினால் வரும் இரத்தச்சோகையை அது தணித்தது. இன்று நம் நாட்டில் கருவுற்ற மகளிர்க்கு அரசு மருத்துவமனைகளில் வழங்கப்படும் இரும்புச்சத்து மாத்திரையில் ஃபோலிக் அமிலமும் சேர்ந்துள்ளது.

ஃபோலிக் அமிலத்தின் செயலைத் தடுக்கும் பொருள்களையும் அக்குழு ஆக்கியது. அவற்றுள் ஒன்றான அமினோப்டெரினைக் கொண்டு பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளின் நோயைத் தற்காலிகமாகத் தணித்துக் காட்டினார். அவ்வகையைச் சேர்ந்த மெத்தோடிரெக்சேட் இன்றும் மருத்துவத்தில் பயன்படுகிறது. யானைக்கால் நோயைத் தடுக்க நம் நாட்டில் வீடுவீடாக வழங்கப்படும் டை எத்தில் கார்பமசின் என்னும் மாத்திரையும், டெட்ராசைக்ளின் வகையில் முதலாவதான ஆரியோமைசினும் அவ்வாய்வகம் உலகிற்கு அளித்தவை. ஆரியோமைசினைக் கண்டவர் சுப்பாராவின் குழுவில் பணியாற்றிய பெஞ்சமின் டக்கர் என்னும் முதிய தாவரவியல் அறிஞர். உடன் உழைத்தவர்க்கே பெயர் சேரட்டும் என ஒதுங்கி நின்றது சுப்பாராவின் இயல்பு.

மறைவும் நினைவும்

1948ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தம் 53ஆம் வயதில் உறக்கத்திலேயே சுப்பாராவின் உயிர் பிரிந்தது. அமெரிக்கா சென்றபின் அவர் ஒருமுறையும் தாயகம் திரும்பவில்லை. அவர் வருவார் எனக் காத்திருந்த சேஷகிரி அம்மையார் கணவரை மீண்டும் காணவே இல்லை. பாரத நாடு விடுதலை பெற்று ஓராண்டு நிறையும் வேளையில் நேர்ந்த அம்மறைவைத் தாயகத்தில் அறிந்தோர் சிலரே.

பின்னாளில் அமெரிக்க அறிஞர்கள் ஒரு பூஞ்சைப் பேரினத்திற்குச் சுப்பாரோமைசிஸ் எனப் பெயரிட்டு அவரைப் போற்றினர். அவர் பிறந்த நூற்றாண்டான 1995ஆம் ஆண்டு இந்திய அஞ்சல்துறை அவருடைய உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது. நோபல் பரிசு அவருக்குக் கிட்டவில்லை. பள்ளித் தேர்வில் இருமுறை தவறியவர், பட்டம் குறைக்கப்பட்டவர், பதவி மறுக்கப்பட்டவர் அவர். எனினும் ஆய்வுக் குப்பியில் நீலநிறம் ஏன் தாமதமாகத் தோன்றியது என்னும் வினாவை விடாமல் பற்றிச் சென்றார். நம் தோட்டத்து முருங்கை இலையிலும் அதனைப் பறிக்கும் கையிலும் இக்கணத்திலும் உருவாகிக்கொண்டிருக்கும் ஒரு பொருளை அறிய அவ்வினாவே வழிவகுத்தது.

அருஞ்சொற்பொருள்

உயிர்வளி – ஆக்சிஜன்
பசுங்கணிகம் – இலையின் செல்லில் ஒளிச்சேர்க்கை நடைபெறும் பச்சை நிற நுண்ணுறுப்பு
மைட்டோகாண்டிரியா – செல் சுவாசம் நடைபெறும் நுண்ணுறுப்பு
உய்த்துணர்தல் – அறிந்ததைக் கொண்டு அறியாததை ஆராய்ந்து உணர்தல்
விசையாழி – நீர் முதலியவற்றின் விசையால் சுழலும் பொறி
வேட்கை – பெருவிருப்பம்

பயிற்சி

அ. ஓரிரு தொடரில் விடை எழுதுக.
1. சுப்பாராவ் பிறந்த ஊர் எது? அஃது அன்று எந்த மாகாணத்தைச் சேர்ந்திருந்தது?
2. ஃபிஸ்க் – சுப்பாராவ் முறையால் அளந்தறியப்படுவது யாது?
3. ஏ.டி.பி.யைக் கண்டறிந்த பெருமை யார் யாருக்கு உரியது?

ஆ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.
1. தசைச்சாற்றில் நீலநிறம் மெல்லத் தோன்றியதிலிருந்து அறிஞர் உய்த்துணர்ந்தது யாது?
2. இலையில் ஏ.டி.பி. உருவாகியும் தாவரம் சர்க்கரையை ஆக்குவது ஏன்?
3. தாவரங்கள் இரவில் மட்டுமே சுவாசிக்கின்றன என்று உங்கள் நண்பர் கூறினால் எவ்வாறு விளக்குவீர்கள்?

இ. பிரித்து எழுதுக.
பசுந்தாவரம், உயிர்வளி, அவ்வினா, பெருந்துயர்

ஈ. செய்து பார்க்க.
ஒரு தாளின் இடப்பக்கம் இலையையும் வலப்பக்கம் மனிதரையும் வரைக. கரியமில வாயு, நீர், சர்க்கரை, உயிர்வளி ஆகியவை செல்லும் வழியை அம்புக்குறியிட்டுக் காட்டுக. ஏ.டி.பி. உருவாகும் இடங்களை வண்ணமிட்டுக் காட்டுக. இலையிலும் மைட்டோகாண்டிரியா உண்டு என்பதை மறவாதீர்.